கங்காணி மாட்டுக்கு அடையாளம் கேட்ட வாரம்

எங்கள் தோட்டத்து ஜெப வீட்டில் மாதத்துக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை மோசே, ஒரு ஞாயிற்றுக்கிழமை இயேசுநாதர் என்று கணக்கு. ஹட்டனிலிருந்து உபதேசியார் மாதம் ஒருமுறைதான் வருவார், அன்றைக்கு இயேசுநாதர். மற்ற வாரங்களில் பிரசங்கம் செய்தது என் அப்பா. அவர் தேயிலை ஆலையில், நாங்கள் சொல்கிறபடி ஸ்டோரில், மெஷின் பழுது நீக்கும் பிட்டராக இருந்தவர். ஜெப வீடு என்றதும் கோபுரமும் மணியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், ஒரு மேசை, ஒரு மரச்சிலுவை, அவ்வளவுதான். எட்டுக் குடும்பங்கள் வரும். பிள்ளைகளையும் சேர்த்தால்தான் அறை நிறையும்.

அப்பா மோசேயைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் எஞ்சின் துரை. அவர் யூதர். யுத்தம் முடிந்தபின் ஐரோப்பாவில் ஏதோ ஒரு குளிர் தேசத்திலிருந்து வந்து, ஸ்டோரின் எஞ்சினையும் தேயிலை உருட்டும் மெஷின்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்திருந்தார். வலது கால் சரியில்லை. கைத்தடி ஊன்றி இழுத்து இழுத்துத்தான் நடப்பார். மற்றத் துரைமார் கூடும் கிளப்புக்கு அவர் போவதில்லை. அவர்களும் அவரைக் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த பங்களாச் சமையற்காரர், மரியாதை தவறிவிடக் கூடாதே என்று எல்லாவற்றுக்கும் 'ங்க' போடச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் 'வாங்க'தான், பங்களா நாய்க்கும் 'வாங்க'தான்.

வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்ததிலிருந்து மறுநாள் இருட்டி வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரியும்வரை அவருக்கு ஓய்வு நாள். எஞ்சினைத் தொடமாட்டார், நெருப்பு மூட்டமாட்டார், வண்டியில் ஏறமாட்டார், பேனாவைக் கையில் எடுக்கமாட்டார். அந்த ஒரு நாள் அப்பா தனியாக எஞ்சினைப் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை எஞ்சினோடு நிற்பார், அப்பா ஜெப வீட்டுக்குப் போவார். இந்த ஏற்பாடு தோட்டத்தை நடத்துகிற பெரிய துரைக்குத் தெரியுமோ என்னவோ. எஞ்சின் ஓடினால் சரி என்று இருந்திருப்பார்.

யூதர்கள் மோசேயின் ஐந்து புத்தகங்களையும் வருஷத்தின் வாரங்களுக்குப் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த வாரம் இந்தப் பங்கு என்றால், உலகத்தின் எந்த மூலையில் இருக்கிற யூதரும் அந்தச் சனிக்கிழமை அதைத்தான் படிப்பார். படிப்பதோடு விடமாட்டார்கள். இதை ஏன் இப்படிச் சொன்னார், அதை ஏன் சொல்லாமல் விட்டார் என்று அவர்களுடைய பெரியவர்கள் அந்தக் காலத்திலேயே கேட்டு வைத்த கேள்விகள் மலைபோல் இருக்கின்றன. அப்பாவுக்கு அந்தக் கேள்விகளின்மேல் ஆசை. சனிக்கிழமை மத்தியானம் சோற்று நேரத்தில் எஞ்சின் துரையின் பங்களா வாசற்படியில் போய் உட்கார்ந்து, "இந்த வாரத்துப் பங்கு என்னாங்க தொரை?" என்பார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். மறுநாள் அதே பங்கு ஜெப வீட்டுக்கு வந்துவிடும். தோல் வியாதிகளைப் பற்றிய பங்கு வந்த வாரம் சபை முழுவதும் சொறிந்துகொண்டே ஆமென் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சுதந்திரம் கிடைத்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. நாங்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அப்பா பிறந்ததே இந்தத் தோட்டத்தில்தான். பிறந்தால் போதாது, இங்கேயே விடாமல் இருந்திருக்கிறோம் என்று காட்டிப் பிரஜாவுரிமை வாங்க வேண்டும். அப்பா விண்ணப்பம் போட்டு வருஷக் கணக்கில் காத்திருந்தபின் ஒருவழியாக விசாரணைக்குக் கடிதம் வந்திருந்தது. குறித்த திங்கட்கிழமை காலை ஹட்டனுக்கு நேரில் வர வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. அம்மா அந்தக் கடிதத்தை வேதப் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தைத் துணியில் சுற்றி, துணியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். தள்ளுபடியானால் இந்தியாவுக்கு ஏற்றிவிடுவார்கள் என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அம்மா இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை.

இது ஒரு பக்கம் இருக்க, அப்பாவுக்கும், தோட்டத்து ஆட்களையெல்லாம் வேலை வாங்குகிற பெரிய கங்காணிக்கும் பேச்சுவார்த்தை நின்று பல மாதமாகியிருந்தது. கங்காணியின் மாடுகள் எங்கள் அவரைக் கொடியை மூன்று தடவை மேய்ந்துவிட்டன. மூன்றாம் தடவை அப்பா பெரிய துரையிடம் போய்ச் சொல்ல, மாடுகளைக் கட்டிப்போடும்படி உத்தரவு வந்தது. ஒரு பிட்டர் சொல்லித் தன் மாட்டைக் கட்டுவதா என்று கங்காணி அன்றிலிருந்து அப்பாவைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பினால் பாதித் தோட்டம் முகத்தைத் திருப்பும்.

விசாரணைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்த சனிக்கிழமைப் பங்கில் ஒரு விஷயம் இருந்தது. உன் பகைவனுடைய மாடு வழிதவறித் திரிவதைப் பார்த்தால் அதை அவனிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அது விழுந்து கிடந்தால் தூக்கிவிட வேண்டும். அதற்குப் பெரியவர்கள் கேட்ட கேள்வியைத் துரை ரசித்துச் சொன்னார். சிநேகிதன் ஒரு பக்கம், பகைவன் ஒரு பக்கம், இரண்டு பேரும் உன் உதவிக்குக் காத்து நிற்கிறார்கள் என்றால் யாரிடம் முதலில் போவாய்? பகைவனிடம்தான் போக வேண்டுமாம். அப்போதுதான் உன் மனசு உனக்கு அடங்குமாம். அப்பா அதை இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.

எனக்குப் பிடித்தது வேறு. கண்டெடுத்த பொருள் யாருடையது என்று தெரியாவிட்டால், தேடி வருகிறவனிடம் அடையாளம் கேட்க வேண்டும்; சரியாகச் சொன்னால்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எவனாவது ஏமாற்றுக்காரன் வாங்கிக்கொண்டு போய்விடுவான். அந்த வாரம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் இதுதான் என் விளையாட்டு. கீழே கிடந்த சிலேட்டுக் குச்சி, ரிப்பன், கொய்யாக்காய் எதை எடுத்தாலும் அடையாளம் கேட்டேன். இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே அடையாளம் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோகிற வழியில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மழைத்தண்ணீர் ஓட வெட்டியிருக்கும் ஆழமான கானுக்குள் ஒரு மாடு சரிந்து கிடப்பதைப் பார்த்தேன். சிவப்பு மாடு, நிறைசினை. பெரிய கங்காணியுடையது என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும். ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அப்பா வந்து கானின் விளிம்பில் நின்றார். மாடு அவரைப் பார்த்து மூச்சு விட்டது. அவர் இறங்கவில்லை. தடியை ஊன்றிக்கொண்டு பின்னாலேயே எஞ்சின் துரையும் வந்து சேர்ந்தார். அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தார்.

"போன வாரத்துப் பங்கு, இல்லீங்களா தொரை" என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்.

ஸ்டோரிலிருந்து கயிறும் பலகையும் கொண்டுவந்து, இரண்டு பேரும் இழுத்து, அதை மேலே ஏற்றுவதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கத் தொடங்கிவிட்டது. மாட்டின் பின்னங்கால் வீங்கியிருந்தது. இந்த ராத்திரி நடக்கவிட வேண்டாம், ஸ்டோர் விறகுக் கொட்டிலில் புல்லைப் போட்டுக் கட்டுங்கள் என்று துரை சொன்னார். பொழுதைப் பார்த்துவிட்டு, அவருடைய நாள் தொடங்கிவிடுமே என்று அவசர அவசரமாகப் பங்களாவுக்குப் போனார். அப்பாவால் எஞ்சினை விட்டு வர முடியாது. என்னைக் கூப்பிட்டு, "பெரிய கங்காணி வீட்டுக்குப் போயி, மாடு கான்ல விழுந்து கெடந்துச்சு, கொட்டில்ல பத்திரமாக் கட்டியிருக்கு, காலையில வந்து ஓட்டிக்கிட்டுப் போகச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு ஓடியா" என்றார்.

அந்த வார்த்தைகளை அப்படியே சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான் போனபோது கங்காணி முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்; சுற்றி நாலைந்து ஆட்கள். காலையிலிருந்து மாட்டைத் தேடிக் களைத்தவர்கள். நான், "மாடு கெடச்சிருச்சு" என்றேன். கங்காணி நிமிர்ந்து, "எந்த மாடு?" என்று கேட்டார்.

எந்த மாடு என்று அவரே கேட்டால் நான் என்ன செய்வேன்? வாரம் முழுவதும் பழகிய வாய். "நீங்கதான் அடையாளம் சொல்லணும். அடையாளம் சொன்னாத்தான் குடுப்போம்" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் கங்காணியின் முகத்தைப் பார்த்தார்கள். தன் மாட்டுக்குத் தானே அடையாளம் சொல்ல வேண்டும் என்று ஒரு பிட்டரின் மகள் அந்த மனிதரிடம் அவர் முற்றத்திலேயே நின்று கேட்டிருக்கிறாள். "இதை யாரு சொல்லிவிட்டா ஒனக்கு?" என்றார். "அப்பாதான்" என்றேன். அவர் கோபப்படவில்லை. சிரித்தார். எங்கே கட்டியிருக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, "சரி, காலையில வந்து அடையாளம் சொல்றேன்னு ஒங்கப்பாகிட்ட சொல்லு" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவிடம் வந்து, காலையில் வருகிறாராம் என்று மட்டும் சொன்னேன். பரவாயில்லையே என்று அப்பா சந்தோஷப்பட்டார்.

காலையில் கங்காணி இரண்டு பொலிஸ்காரர்களோடு வந்தார். தன் சினை மாட்டை வியாழன் இரவே அவிழ்த்துக்கொண்டு போய் ஸ்டோர்க் கொட்டிலில் மறைத்து வைத்து, மகளை அனுப்பித் தன்னை மிரட்டியதாக முறைப்பாடு. மாடு கொட்டிலில் இருக்கிறது, கயிறு ஸ்டோர்க் கயிறு, நான் சொன்னதைக் கேட்க நாலைந்து சாட்சிகள். அப்பாவுக்கு என் வார்த்தை தெரியாது. அதனால் அந்த மிரட்டல் என்னவென்று அவருக்குப் புரியவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம்.

எஞ்சின் துரைக்கு எல்லாம் தெரியும், அவரைக் கேளுங்கள் என்றார் அப்பா. மூத்த பொலிஸ்காரர் நல்ல மனிதர்தான். துரைமார் பங்களாவுக்குப் போய் விசாரிக்க எங்களால் முடியாது, துரை டவுன் ஸ்டேஷனுக்கு நேரில் வந்து சொல்லட்டும், அல்லது கையெழுத்துப் போட்டு எழுதித் தரட்டும், விட்டுவிடுகிறோம் என்று சொல்லி அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னேரம் ஐந்து மணிக்கு டவுனிலிருந்து பொலிஸ் வண்டி ஹட்டனுக்குப் போகும். அதற்குள் ஒன்றும் வராவிட்டால் அப்பாவை அதில் ஏற்றி அனுப்புவார்கள், திங்கட்கிழமை கோர்ட்டில் நிறுத்துவார்கள். திங்கட்கிழமை என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். விசாரணை அன்றைக்குத்தான். கங்காணி அதைத் தெரிந்துதான் செய்தாரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். துரை வராந்தாவில் பெரிய புத்தகத்தை வைத்து அந்த வாரத்துப் பங்கைப் படித்துக்கொண்டிருந்தார். அம்மா சொன்னதையெல்லாம் கேட்டார்.

"இன்னைக்கு நான் எழுத மாட்டேங்க. ராத்திரி மூணு நச்சத்திரம் வந்ததும் எழுதித் தர்றேங்க" என்றார்.

"அஞ்சு மணிக்கு வண்டி போயிரும் தொரை. திங்கக்கெழம அவுங்க பிரஜாவுரிமை விசாரணையில நிக்காட்டி எங்க குடும்பமே போச்சு."

துரை தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நடந்து போய் வாயால் சொல்கிறேன் என்றார். படியிறங்கிக் கேட் வரைக்கும் போவதற்குள்ளேயே மூன்று இடத்தில் நின்றார். டவுன் ஆறு மைல் கீழே. அம்மா அவரைத் திரும்ப அழைத்துவந்து உட்காரவைத்தார். பெரிய துரை கொழும்புக்குப் போயிருந்தார். தோட்டத்தில் இருந்த ஒரே போன் அவர் பங்களாவுக்குள் பூட்டிக் கிடந்தது. அம்மா அழவில்லை. என்னைப் படியில் உட்காரவைத்து, "நீ இங்கனயே இரு. அவுங்க மனசு மாறுனா ஓடியா. நாலு மணி லொறியத் தவறவிட்டுறாத" என்று சொல்லிவிட்டு, வேறு யாராவது பெரிய மனிதர் கிடைப்பாரா என்று தேடப் போய்விட்டார். யார் கிடைப்பார்கள்? பெரிய கங்காணிக்கு எதிராக வாய் திறக்கிறவர் அந்தத் தோட்டத்தில் அந்த வருஷம் இருக்கவில்லை.

பத்து மணியிலிருந்து நான் அந்தப் படியிலேயே இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் கீழே ஸ்டோர் வாசல் தெரியும். தேயிலைப் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் சத்தம் மேலே வந்துகொண்டேயிருந்தது. பெட்டிகளை ஏற்றி முடித்ததும் லொறி டவுன் வழியாக ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும். ஒவ்வொரு ஆணியாக எண்ணிக்கொண்டிருந்தேன். துரை படித்துக்கொண்டிருந்தார். ஒரு வரியைப் படிப்பார், நிறுத்துவார், அதே வரியை மறுபடி படிப்பார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

"எழுதுனா என்னா ஆகும்?" என்று கேட்டேன். துரையிடம் அப்படிக் கேட்கிற தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"ஒண்ணும் ஆகாதுங்க" என்றார். "வானம் இடியாதுங்க." பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி, அந்த வாரத்துப் பங்கைச் சொன்னார். வனாந்தரத்தில் கடவுளுக்குக் கூடாரம் கட்டுகிறார்கள். எந்தப் பலகை எந்தப் பலகையோடு சேரும் என்று தெரிவதற்கு, தேயிலைப் பெட்டிப் பலகைக்குக் குறி போடுகிற மாதிரி அவற்றில் எழுத்துப் போடுவார்களாம். அந்தக் கூடார வேலையில் எவையெல்லாம் இருந்தனவோ அவையெல்லாம் ஓய்வு நாளில் கூடாது. ஆகவே இரண்டு எழுத்து எழுதினாலே அது வேலைதான். இரண்டே எழுத்தா என்று எனக்கு ஏளனமாக இருந்தது. நாலாம் வகுப்பில் நாங்கள் தினமும் இரண்டு பக்கம் எழுதினோம்.

ஆணிச் சத்தம் குறைய ஆரம்பித்தது. பெட்டிகளை லொறியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். மூன்றரை மணி இருக்கும். இதற்குமேல் என்னால் உள்ளே வைத்திருக்க முடியவில்லை. எழுந்து நின்று முழுவதையும் சொன்னேன். முற்றத்தில் நின்று நான் அடையாளம் கேட்டதையும், அப்பா சொன்னதாகப் பொய் சொன்னதையும், அதை அப்பாவிடமும் அம்மாவிடமும் மறைத்ததையும் சொன்னேன். சொல்லும்போது எனக்கு விக்கல் வந்துவிட்டது.

துரை புத்தகத்திலிருந்து கண்ணை எடுத்தார். "அடையாளம் கேக்கணும்னு ஒங்களுக்கு யாருங்க சொன்னா?"

"நீங்கதான் சொன்னீங்க."

அவர் என்னையே பார்த்தார். அவர் என்னை அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு பயமாக இருந்திருக்காது. பிறகு புத்தகத்தை மூடினார், அதன் அட்டையைத் தூக்கி உதட்டில் வைத்தார், தடியில்லாமலே சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு காகிதமும் ஒரு பென்சிலும் இருந்தன.

மேசையில் காகிதத்தை வைத்தார். பென்சிலைக் கீழே வைத்தார், மறுபடி எடுத்தார். கீழே லொறியின் எஞ்சின் முக்கிக்கொண்டு கிளம்பத் தயாரானது. நான் குதித்துக்கொண்டு நின்றேன். முதல் எழுத்தை எழுத அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் எங்கள் வகுப்பில் ஒரு பாட்டே எழுதி முடித்திருப்போம். ஒவ்வொரு எழுத்தையும் பலகையில் வெட்டுகிற மாதிரி எழுதினார். மொத்தம் நாலே வரி. அடியில் பெயரை எழுதியபோது பென்சில் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. காகிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார். அதைப் பிடுங்கிக்கொண்டு, "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"ஓடுங்க" என்றார்.

குறுக்கு வழியில், தேயிலைச் செடி முழங்காலைக் கிழிக்க, உருண்டும் புரண்டும் ஓடினேன். லொறி கேட்டைத் தாண்டிவிட்டது. வெறும் கையோடு அங்கே நின்றிருந்த அம்மா, என் கையில் இருந்த காகிதத்தைப் பார்த்ததும் நடு ரோட்டில் போய் நின்று இரண்டு கையையும் விரித்தார். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். திட்டிக்கொண்டே அம்மாவை ஏற்றிக்கொண்டார்.

இருட்டி வெகுநேரம் கழித்து அப்பாவும் அம்மாவும் டார்ச் இல்லாமல் நடந்தே வந்து சேர்ந்தார்கள். மூத்த பொலிஸ்காரர் கடிதத்தை வாசித்துவிட்டு, அங்கே காத்திருந்த கங்காணியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னாராம். கங்காணி மாட்டை ஓட்டிக்கொண்டு போனதோடு சரி. திங்கட்கிழமை நாங்கள் ஹட்டன் போனோம். அப்பா எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள்தான் என்று எழுத்தில் வர மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று, ஆனால் வந்தது.

கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பதை அப்பா பல வருஷம் கழித்து, எனக்குக் கல்யாணமான பிறகுதான் சொன்னார். மாடு கானில் விழுந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன், நான் சொல்லித்தான் கொட்டிலில் கட்டினார்கள், அடையாளம் கேட்கச் சொன்னதும் நான்தான், பிட்டரும் பிள்ளையும் குற்றமற்றவர்கள் என்று எழுதியிருந்தாராம். என் பிழையைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். அதைவிடப் பெரியதையும் அப்பா அப்போதுதான் சொன்னார். துரையின் ஊரில் அவருடைய தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்கள், ஒருவர்கூட யுத்தத்தில் மிஞ்சவில்லை. அவரைப் பூட்டி வைத்திருந்த இடத்தில் சனிக்கிழமைகளிலும் எழுதச் சொல்லி அடித்தார்களாம், எழுதினாராம். வெளியே வந்தபின், இனி ஒரு சனிக்கிழமையும் எழுதுவதில்லை என்று தகப்பன் பெயரைச் சொல்லி முடிவெடுத்திருக்கிறார். தகப்பன் வீட்டிலிருந்து அவரால் கையோடு கொண்டுவர முடிந்தது அந்த ஓய்வு நாள் ஒன்றைத்தான். அந்த நாளில் நாலு வரியை எடுத்து எங்களுக்குக் கொடுத்தார். நான் பேசிய பேச்சை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது.

ஆனால் இதெல்லாம் பின்னால் தெரிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில், ஜெப வீட்டுக்குப் போகும் முன் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு எஞ்சின் அறைக்குப் போனார். துரை ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் முதல்நாள் நடந்ததைப் பற்றிப் பேசவே இல்லை. அப்பா வழக்கம்போல இந்த வாரத்துப் பங்கு என்ன என்று கேட்டார். கூடாரம் கட்டப் பொன்னும் வெள்ளியும் நீல நூலும் கேட்கிறார்கள், கொடுக்க மனசுள்ளவர்களிடம் மட்டும் வாங்கச் சொல்லியிருக்கிறது என்றார் துரை. பெரியவர்கள் அதில் என்ன கேள்வி கேட்டார்கள் என்றார் அப்பா.

"தெரியலைங்க. இந்த வாரம் நான் பாதியில நிறுத்திட்டேங்க" என்றார் துரை. "மீதியப் படிக்க முடியலைங்க."

நாள் முழுக்க வராந்தாவில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதருக்கு அந்தக் கொஞ்சத்தைப் படித்து முடிக்க முடியவில்லையா, சரியான சோம்பேறி என்று எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, எண்ணெய் படிந்த அந்தத் தரையில் ஜெப வீட்டில் நிற்பதுபோல் நின்றுகொண்டிருந்தார். ஆராதனைக்கு நேரமாகிறது, ஏன் இப்படி நிற்கிறார் என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.